இல்லாத சதைக்கு எதற்குக் கல்

என் அக்கா அத்தாயியின் புருஷன் அர்த்தனாரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், முதலில் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும். கெட்டவர் இல்லை. மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் அவரைப் போல உழைப்பாளி குறைவு. பொய் சொல்ல மாட்டார், அடுத்தவர் பொருளைத் தொட மாட்டார். ஆனால் நாளைக்கு நடக்க வேண்டியது இன்றைக்கே நடந்து முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வியாதி ஒன்று அவருக்கு இருந்தது. சாமை விதைத்த மறுநாளே அதைக் கொட்டி வைக்க வீட்டில் இடம் ஒழிக்கச் சொல்வார். அதெல்லாம் அவர் வீட்டுப் பாடு என்று நான் விட்டுவிடலாம். உடம்பு விஷயத்தில் அப்படி விட முடியவில்லை. அந்த உடம்பு தொங்குகிற கயிறு என் கையில் அல்லவா இருந்தது.

மலைக்கு மோட்டார் ரோடு வராத வெள்ளைக்காரன் காலம் அது. எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு செங்குத்துப் பாறை. வருஷா வருஷம் அதில் பெருந்தேனீ அடை கட்டும். காட்டுக்கொடியைத் திரித்த கயிற்றில் ஒருவர் இறங்கி அடையை அறுப்பார். மேலே மரத்தில் சுற்றிய கயிற்றை இன்னொருவர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். அப்படிப் பிடிக்கிறவன் இறங்குகிறவரின் மனைவியோடு கூடப் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். அவர்களுக்குக் காடுகரையில் பங்கு உண்டு, கை நழுவினாலும் நழுவும். மச்சினன் நழுவ விடமாட்டான். விட்டால் தாலி அறுப்பது அவன் அக்கா. அக்காவைக் கட்டிக் கொடுத்த வருஷத்திலிருந்து மாமாவுக்குக் கயிறு பிடிப்பவன் நான்தான்.

கயிற்றையும் சும்மா நம்பிவிட மாட்டோம். முதலில் ஒரு கட்டையை உருண்டைப் பாறை ஒன்றின் மேல் குறுக்கே போட்டு, ஒரு முனையில் இறங்குகிற ஆளை உட்காரவைப்போம். மறுமுனையில் கூடையைக் கட்டி, கட்டை இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை அதில் கல் போடுவோம். பிறகு அந்தக் கூடையைக் கயிற்றில் கட்டிப் பாறையில் தொங்கவிடுவோம். காலையிலிருந்து உச்சிவரை தாங்கினால் ஆள் இறங்கலாம். எங்கள் அப்பன் காலத்திலும் அப்படித்தான்.

மாமா அப்போதெல்லாம் முருங்கைக்காய் மாதிரி இருப்பார். பாறையில் அவர் இறங்குவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஒரு ஆடி மாதம் உழும்போது வரப்பில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். பக்கத்துக் குண்டனி நாட்டிலிருந்து வந்த வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, அசையாமல் கிடக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிப் போனார். அசையாமல் கிடந்ததில் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டதிலும் சொல்ல முடியாது. அக்கா ஆட்டுக்கால் வேகவைத்து ஊற்றினாள், சாமைச் சோற்றில் நெய்யைக் குழைத்து ஊட்டினாள், இடையில் பசிக்குமென்று கிழங்கு அவித்து வைத்தாள். கார்த்திகையில் கட்டைப் பிரித்து அவரை எழுப்பி நிறுத்தியபோது பழைய வேட்டி இடுப்பைச் சுற்றி வரவில்லை.

"ஏனுங்க மாமா, இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எப்படிங்க எறங்கறது?" என்றேன்.

"தை பொறக்கட்டும் மாப்ள. பழைய ஆளா வந்து நிப்பேன்."

கஞ்சித் தண்ணி மட்டும்தான் குடிப்பேன் என்றார். இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் அக்கா பானையைத் திறந்தால் எல்லோருக்கும் கிண்டிய களியில் பாதியைக் காணவில்லை. அப்புறம் யாரோ சொன்னார்களென்று கொள்ளுத்தண்ணி. தண்ணியைக் குடித்துவிட்டு, வெந்த கொள்ளை வீணாக்கக் கூடாதென்று அதையும் தாளித்துத் தின்றார். தை வந்து போனது. இனி நடைதான் மருந்து என்று ஒரு நாள் விடிகாலையில் ஆற்றுக்கு இறங்கி ஏறினார். ஒரு நடை போதாதென்று மறுபடி இறங்கினார். அதன் பிறகு முறிந்த கால் வீங்கி ஒரு வாரம் படுக்கை, அதற்கு மறுபடி ஆட்டுக்கால்.

இதில் என்னை எரிச்சலூட்டியது அவர் தோற்றது இல்லை. தோற்றது அவருக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்த அன்று சாயங்காலமே, "வகுறு எறங்கிருச்சு மாப்ள, பாரு" என்று மூச்சை இழுத்துப் பிடித்துக் காட்டுவார். அரைஞாண் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டார். எப்படியும் இளைக்கத்தானே போகிறேன், அப்போது எதற்கு இன்னொன்று என்று கேட்டார். அது சதைக்குள் புதைந்து வரி வரியாகப் புண்ணாகிப் போனது. அக்கா வேப்பெண்ணெய் தடவினாள். நான் கத்திக்கொண்டே இருந்தேன். என்ன பிரயோசனம், பாறையிடம் கத்தியிருக்கலாம்.

வைகாசியில் தேன் அறுக்க, பங்குனிக் கடைசியிலேயே கயிற்றைச் சோதிக்கும் நாள் வந்தது. நான் பாறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டைப் பக்கத்தில் கூடையில் கல் ஏறியிருந்தது.

"கல்லெல்லாம் போட்டாச்சு மாப்ள. நீ கட்டு" என்றார்.

கட்டித் தொங்கவிட்டோம். உச்சிவரை கயிறு முனகக்கூட இல்லை. கஞ்சி கொண்டுவந்த அக்கா அதைப் பார்த்துச் சாமியைக் கும்பிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், பரவாயில்லையே, பழைய கயிறே போதும் போலிருக்கிறதே என்று. கூடையை மேலே இழுத்தபோதுதான் கைக்கு உறைத்தது. முருங்கைக்காயாக இருந்த காலத்தில் இந்த மனுஷனை இழுத்து ஏற்றுவதற்குள் என் முதுகு விட்டுப்போகும். இப்போது அவர் ஒன்றரை ஆள். கூடையோ பாதிச் சிரமத்தில் வந்து நிற்கிறது.

"மாமா, கட்டையில உக்காந்து நிறுத்தீங்களா?"

"நிறுத்தேன்."

"நிறுத்த கல்லு பூராவும் இதுல இருக்குதுங்களா?"

அவர் புதர்ப் பக்கம் பார்த்தார். போய் விலக்கிப் பார்த்தேன். அங்கே ஒரு குவியல் கல்.

"அதெல்லாம் வைகாசிக்குள்ள எறங்கப் போற சதைதான மாப்ள," என்றார் நிதானமாக. "நான் பாறையில எறங்கறப்ப இருக்காது. இல்லாத சதைக்கு எதுக்குக் கல்லு?"

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஏமாற்ற நினைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இவர் மனசார நம்பிச் செய்திருக்கிறார்.

"அந்தச் சதை இப்ப எங்கீங்க இருக்குது? உங்க வகுத்துல இருக்குது. அதக் கழட்டி ஊட்டுல வெச்சுட்டா எறங்குவீங்க? கயித்துக்கு வைகாசி தெரியுமா, பங்குனி தெரியுமா? அறுந்தா எங்கக்கா மூஞ்சிய நான் எப்படிங்க பாக்கறது?"

"நீ எதுக்கெடுத்தாலும் பயப்படற மாப்ள."

குவியலிலிருந்து கல்லை எடுத்து எடுத்துக் கூடையில் போட்டேன். நான் ஒன்றுகூட விடாமல் போட்டு, அவரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, மறுபடி பாறை விளிம்பில் தொங்கவிட்டேன். கயிறு இழுபட்டு மரத்தில் தேய்ந்தது. முதலில் ஒரு புரி தெறித்தது. அதை அக்காதான் கையைக் காட்டிச் சொன்னாள். நான் இழுக்கலாமென்று குனிவதற்குள் மிச்சமும் அறுந்து, கூடை போய்விட்டது. கீழே கல் சிதறுகிற சத்தம் வந்து சேர நேரம் பிடித்தது.

மாமா விளிம்பில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றாள். "நீங்க எளைக்கவும் வேண்டாம், பழைய ஆளா ஆகவும் வேண்டாம். குண்டா இருந்தாலும் இருக்கோணுமுங்க."

மாமா எங்களோடு ஊருக்கு நடந்து வந்தார். நாளைக் காலையில் புதிதாக ஒரு சபதத்தோடு வந்து நிற்பார் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் கொடுவாளோடு வந்தார்.

"கொடி வெட்டப் போலாம் வா மாப்ள. பழசு மாதிரி ரெண்டு மடங்கு தடிமனாத் திரிக்கோணும்."

"ஒரு மாசத்துல எளைச்சுருவேன்னு சொல்ல மாட்டீங்களா?" என்று குத்தலாகவே கேட்டேன்.

"எளைக்காது. மூணாம் நாளு களிப்பானையத் தொறந்துருவேன். என்னைய எனக்குத் தெரியாதா?"

எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை. கொடி வெட்டி, தோல் உரித்து, ஊறவைத்துத் திரித்ததில் என் உள்ளங்கை கொப்புளமாகிவிட்டது. அவர் தின்ற நெய்க்கு நான் கயிறு திரிக்க வேண்டியிருக்கிறதே என்று வாய்விட்டே முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். புரியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தவரை, சோற்றில் ஒரு அகப்பை குறைத்திருந்தார், நெய்யை விட்டிருந்தார். கோல் ஊன்றாமல் மேட்டுக்காடு வரைக்கும் போய் வந்தார், ஆற்றுப் பக்கம் தலைகாட்டவில்லை. வயிறு இறங்கிவிட்டதா என்று யாரிடமும் காட்டவுமில்லை. சின்ன அரைஞாணை அறுத்துப் போட்டுவிட்டு இடுப்புக்கு ஏற்ற மாதிரி பெரிதாக ஒன்று கட்டியிருந்தார்.

வைகாசி பிறந்து புதுக் கயிறும் காய்ந்தது. மறுபடி கட்டையைப் போட்டோம். மாமா ஒரு முனையில் உட்கார, இந்தத் தடவை கல் போட்டது நான். அவர் பக்கம் மெதுவாக எழுந்து கட்டை சமமாக நின்றது. பாறை அடியில் சிதறிய பங்குனிக் கல்லையே பொறுக்கிவந்திருந்தோம், அதில் தேங்காய் அளவு கல் ஒன்று மிச்சம். அவ்வளவுதான் இளைத்திருந்தார். முன்பென்றால் அந்த ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டியிருப்பார்.

மாமா கட்டையிலிருந்து இறங்கி வந்தார். மிச்சமிருந்த அந்தக் கல்லை எடுத்துக் கூடையில் போட்டார். பிறகு சுற்றிலும் பார்த்து, அதைவிடப் பெரிதாக இன்னொன்றைத் தூக்கிவந்து போட்டார்.

"சரியா நின்னுச்சே மாமா, இது எதுக்குங்க?"

"மரத்துல பலா வாசம் அடிக்குது மாப்ள," என்றார். "எறங்கறதுக்கு இன்னும் பத்து நாளு இருக்குது. நான் சும்மா இருப்பேனா?"

அக்கா கொஞ்சம் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் குனிந்து ஒரு கல்லை எடுத்துவந்தாள், இரண்டு கையாலும் பிடிக்கிற அளவுக் கல்.

"இது என்னோட கணக்கு," என்று சொல்லிக் கூடையில் வைத்தாள். "சொளை உரிச்சுக் குடுக்கறவ நாந்தான."

நான் கூடையின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன்.