பிடுங்கி அளந்த முள்ளங்கி

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல் டீச்சர். பத்தொன்பது வருடமாக எதையும் அளக்காமல் அவர் நம்பியதில்லை. "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று கணவர் போனால், கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நிற்பார். பாவம், அந்த மனிதர் வெறுமனே "வரேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

பள்ளியின் பின்சுவரை ஒட்டிக் கொஞ்சம் மண்ணைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி முள்ளங்கி போட்டிருந்தார். தலைமையாசிரியருக்கோ அங்கே ஸ்கூட்டர் நிறுத்தக் கூரை போட ஆசை. "வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன் டீச்சர். முள்ளங்கி இருந்தா தோட்டம், இல்லேன்னா ஷெட்டு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை பாத்தியைப் பார்த்த டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது செடியும் தலை கவிழ்ந்து கிடந்தன. ஈரம் இருந்தது, பூச்சி இல்லை. ஒன்றைத் தொட்டார், பிடிப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

"யாரு இதைப் பிடுங்கினது?"

வகுப்பே கையைத் தூக்கியது.

"நீங்கதானே டீச்சர் தினமும் வளர்ச்சியை அளந்து எழுதச் சொன்னீங்க?" என்றாள் முன்பெஞ்சு வாயாடி. "கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு. பிடுங்காம எப்படி அளக்குறது? அளந்துட்டுப் பத்திரமா திரும்ப நட்டுட்டோம்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இலையை மட்டும் அளங்கள் என்று சொல்லாமல் விட்டது யார்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று. கடையில் நாலு கட்டு முள்ளங்கி வாங்கிச் செருகிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நினைத்ததற்கே வெட்கப்பட்டார்.

மறுநாள் தலைமையாசிரியர் வந்தார், வாடிக் கிடந்த பாத்தியைப் பார்த்தார். டீச்சர் வாய் திறப்பதற்குள் வாயாடி நோட்டை நீட்டிவிட்டாள். அவர் பழைய கணக்கு வாத்தியார்; எண்ணைக் கண்டால் விடமாட்டார்.

"முதல் நாள் வேர் ஆறு சென்டிமீட்டர், நாலாம் நாள் அஞ்சரை. குறைஞ்சிருக்கே?"

"பிடுங்கும்போதெல்லாம் நுனி ஒடிஞ்சிருக்கு சார். நாங்க அளந்துதான் செத்துப்போச்சுன்னு நினைக்கிறோம்."

"நினைக்கிறீங்களா?"

"நிச்சயமா தெரியணும்னா ரெண்டு பாத்தி வேணும் சார். ஒண்ணைப் பிடுங்கி அளப்போம், இன்னொண்ணைத் தொடவே மாட்டோம். அப்பதானே எங்க தப்பா, மண்ணோட தப்பான்னு தெரியும்?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இதே பாடத்தை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்! ஒரு பிள்ளையும் தானாகக் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் நோட்டை மூடினார். பின்சுவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"ரெண்டு பாத்திக்கு இந்த இடம் பத்தாதே டீச்சர்" என்றார். "அந்த மூலை வரைக்கும் கொத்திக்குங்க."