ஆற்று ஷட்டரை அடைத்தது யார்?

கோட்டைச்சாமிக்கு ஊரில் ஒருவர்மீதும் நம்பிக்கை கிடையாது. விஸ்வநத்தத்துக்குத் தெற்கே உள்ள சின்ன அணையில் இருபது வருடமாக ஷட்டர் காவல் பார்க்கிறார். யார் வணக்கம் வைத்தாலும், இவன் எதற்கு அடிபோடுகிறான் என்றுதான் யோசிப்பார். அணை மீனை வீட்டில் சமைக்க விடமாட்டார். குழம்பு வாசம் வெளியே போனால், மீன் குத்தகைக்காரரிடம் கை நீட்டினார் என்று பேசிவிடுவார்களாம். பாவம், நல்ல மீன் தின்றே வெகுநாள் ஆயிற்று.

அணைக்கு இரண்டு ஷட்டர். ஒன்று வயல் வாய்க்காலுக்கு, இன்னொன்று ஆற்றுக்கு. இந்தக் கோடையில் புது உத்தரவு வந்தது. ஆற்று மடுவில் கெளுத்தியும் அயிரையும் பிழைத்துக் கிடக்க, ஆற்று ஷட்டர் இரவு பகலாக இரண்டு விரற்கடை திறந்திருக்க வேண்டும். விவசாயிகள் கொதித்தார்கள். அணைக்குள் மீன் வளர்க்கும் குத்தகைக்காரர் சம்சுவும் முணுமுணுத்தார். அணை வற்றினால் அவர் மீன் போச்சு.

அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஷட்டர் அடைபட்டுக் கிடந்தது. மடுவில் கெளுத்திகள் செத்து மிதந்தன. ஷட்டர் பூட்டுச் சாவி எப்போதும் கோட்டைச்சாமியின் அரைஞாணில்தான் இருக்கும். கள்ளச்சாவி போட்டது சம்சுவே என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். குத்தகையை ரத்து செய்வதா என்று திங்கட்கிழமை விசாரணை.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டிருந்தபோது அவருக்குச் சுருக்கென்றது. சாவியில் எண்ணெய் படக்கூடாது என்று சனிக்கிழமைதோறும் அவரேதான் கழற்றி ஆணியில் மாட்டுவார். எட்டிப் பார்த்தார். ஆணியில் சாவி இல்லை.

எண்ணெய் வழிய வழிய அணைக்கு ஓடினார். அங்கே ஷட்டர் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி வள்ளித்தாய்.

"எந்தம்பி பாண்டியோட பருத்தி கருகுது. ஆத்துக்குப் போறதை அடச்சாத்தான் கடைசி வயலுக்குத் தண்ணி ஏறுது," என்றாள்.

"அம்புட்டு மீனும் செத்துச்சே."

"ஊரையே சந்தேகப்பட்டீக. என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேக்கணும்னு தோணலையே," என்றார்.

ஷட்டரைத் திறந்துவிட்டு, குளிக்காமலே கரையில் இருந்த சம்சுவின் கொட்டகைக்குப் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சம்சு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரைக் காப்பாத்த அண்ணாச்சி, பொண்டாட்டி பேரைச் சொல்றீக?"

"சத்தியமாச் சொல்றேன் பாய்."

"அப்ப திங்கக்கிழமை அவுகளையும் கூட்டிட்டு வாங்க. எல்லாரு முன்னாலயும் அவுக வாயால சொல்லட்டும்."

"வருவா," என்றார் கோட்டைச்சாமி. வந்து என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியவில்லை.