தாடிக்கு மேல் ஒட்டிய வில்லை

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், லிஃப்டை விட்டு இறங்கியதும் மூன்றாவது அறை அவளுடையது. நோயாளிகள் அவளை ஒயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடங்களாக மனிதர்களின் தாடைக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவு வில்லைகளை ஒட்டி, அவற்றின் ஒயரைப் பெட்டியில் செருகி, "எச்சிலை ஒரு தடவை முழுங்குங்க" என்று சொல்வது அவள் வேலை. விழுங்கும்போது தசையில் பிறக்கும் சன்னமான மின்சாரம் திரையில் அலையாக ஏறி இறங்கும். ஊசி கிடையாது, வலி கிடையாது. பக்கவாதம் வந்தவரின் விழுங்கும் தசைக்கு எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று அந்த அலை ஓரளவுக்குச் சொல்லும்.

வேலையில் கெட்டி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயர் மேல் அவளுக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

டிரைவிங் மாஸ்டர் வந்தது ஒரு வியாழக்கிழமை பிற்பகல். பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சு குழறியது, விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகச் செருகிய குழாயில்தான் ஆகாரம். முப்பது வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "நியூட்ரல்ல நிக்குது" என்றார். அவருடைய மனைவி அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஒயரக்காவுக்குப் புரிந்தது. மூவரும் சிரித்தார்கள்.

அவருக்கு அடர்த்தியான தாடி. வில்லை ஒட்டும் இடத்தில் முடியை மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். அவள் ரேசரை எடுத்ததும் மாஸ்டர் தாடியைக் கையால் மூடிக்கொண்டார்.

"அவருக்கு அது உசிரு. எடுக்காமப் பாக்க முடியாதாம்மா?" என்று மனைவி கேட்டாள்.

எடுத்துச் சொன்னால் கேட்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் மகளின் பள்ளிக்கூடத்தில் நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டம். போன தடவையே போகாமல் மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. முடியை இரண்டு பக்கமும் விலக்கி, வில்லைகளை அழுத்தி ஒட்டி, மேலே பிளாஸ்திரி போட்டாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வில்லை தோலில் சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். ஒரு பொத்தானை அமுக்கினால் அதை மீறிப் போகலாம். அமுக்கினாள். அலை எழும்பவே இல்லை, படுத்துக் கிடந்தது. படிவத்தில் 'தோல் சுத்தம் செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் கிளம்பினாள். கூட்டத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். மகளுக்குச் சந்தோஷம்.

மறுநாள் டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். "தசை ரொம்பச் சோர்வா இருக்கு. இப்ப எக்ஸ்ரே பரிசோதனைக்கு அனுப்பி முழுங்கச் சொன்னா, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆறு வாரம் பயிற்சி செய்யட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். குழாய் மூக்கிலேயே இருந்தது.

ஆறு வாரம் கழித்து மாஸ்டர் தாடியில்லாமல் வந்தார். குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்திரியால் கன்னம் புண்ணாகி, மனைவியே மழித்துவிட்டாளாம். ஒயரக்கா துடைத்தாள், ஒட்டினாள், விழுங்கச் சொன்னாள். அலை திரையின் விளிம்புவரை எகிறியது.

டாக்டருக்கு முகமெல்லாம் பல். "பயிற்சியை ஒழுங்கா செஞ்சிருக்கீங்க" என்றார். அந்த வாரமே எக்ஸ்ரே பரிசோதனையும் நன்றாக முடிந்து, குழாயை எடுத்தார்கள். மசித்த வாழைப்பழம் ஒரு கரண்டி உள்ளே இறங்கியதும் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் மனைவி ஒயரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். பயிற்சின்னு ஒண்ணு அவர் செய்யவே இல்ல. வாயைத் திறன்னு சொன்னாலே கோவம். எப்படியோ நல்லா வந்துடுச்சு. உங்க கைராசி."

ஒயரக்கா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டுப் பழைய பதிவைத் திறந்தாள். படுத்துக் கிடந்த அலையின் அடியில், ஆரம்பம் முதல் கடைசிவரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

விழுங்கும் பயிற்சி கொடுப்பவர் அவளுக்கு நெருங்கிய சிநேகிதி. அவளிடம் மட்டும் சொன்னாள். "ஆறு வாரத்துல தானாவே தேறியிருக்கலாம். அன்னைக்கே தெம்பு இருந்துச்சுன்னு உன்னால நிரூபிக்க முடியாது. விட்டுத் தள்ளு" என்றாள் சிநேகிதி. அது உண்மைதான். அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் ஓட்டினாள். சாப்பாட்டு மேசையில் மகள் ஏதாவது சொல்லிக்கொண்டே மென்று விழுங்கும்போது, அந்தக் கழுத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "டிக் போட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான், டாக்டர்."

"அந்த டிக்கைப் பாத்துத்தான் நான் எழுதினேன்." பிறகு சொன்னார்: "நடந்ததை எழுதிக் கொடுங்க. அவங்களுக்கும் தெரியணும். ஆபீஸ்லேர்ந்து கடிதம் போடச் சொல்றேன்."

"கடிதத்துக்கு முன்னாடி நான் நேர்ல போய்ச் சொல்றேன், டாக்டர்."

மாஸ்டர் வீடு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி உபசரித்து உட்கார வைத்து, டீ போட எழுந்தாள். "முதல்ல நான் சொல்ல வந்ததைக் கேளுங்கம்மா" என்று அவளை நிறுத்தி, ரேசரைக் கீழே வைத்ததிலிருந்து டிக் போட்டதுவரை ஒன்று விடாமல் சொன்னாள்.

மாஸ்டர்தான் முதலில் பேசினார். பேச்சு இப்போது தெளிந்திருந்தது. "நான்தானே தாடியை எடுக்க வேணாம்னேன்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சொன்னீங்க. எல்லாம் தெரிஞ்ச இவங்க உங்க பேச்சை எதுக்குக் கேட்டாங்க?" பிறகு ஒயரக்கா பக்கம் திரும்பினாள். "வீட்ல வாசனை வரக்கூடாதுன்னு நான் தாளிக்கிறதையே நிறுத்துனேன். இவர் கண்ணுல படாம, பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு உக்காந்து சாப்பிட்டேன். ஒரு நாள் கதவைத் தட்டி, என்ன சாப்பிடுறேன்னு சொல்லு, அது போதும்னாரு. அதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

மன்னிப்பு என்ற வார்த்தையை ஒயரக்கா பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது அது வாய்க்கு வரவில்லை. "தப்பு என்னோடதுதாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"சரி, சொல்லிட்டீங்கல்ல. கிளம்புங்க" என்றாள் அந்த அம்மா. டீ வரவில்லை. மாஸ்டர் வாசல்வரை வந்து, பகலிலும் இருட்டாக இருந்த படியில் விளக்கைப் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. போயிருந்தால் தேவலை என்றுகூட அவளுக்குச் சில நாள் தோன்றியது. ஏனென்றால் அதற்குப் பிறகு வேறொரு நினைப்பு பிடித்துக்கொண்டது. அந்தப் பொத்தானை அன்றைக்கு மட்டும்தானா அமுக்கினோம்? மதிய இடைவேளையில் டிபன் டப்பாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அடியில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்தாள். பெட்டியில் அழியாமல் இருந்த மூன்று வருடப் பதிவுகளைப் பார்த்து முடிக்க இரண்டரை மாதம் ஆனது. இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள்.

பட்டியலை டாக்டரிடம் கொடுத்தாள். இருவரைத் திரும்ப வரவழைத்தார்கள். ஒருவர் எப்போதோ தேறிச் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்றே அவருக்கு விளங்கவில்லை. இன்னொருவருக்குத் தசை அன்றும் இன்றும் சோர்வாகத்தான் இருந்தது. மூன்றாமவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநரின் தாயார். கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டபோது, யாரோ ஒரு பெண் எடுத்து இந்த நம்பர் தனக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது என்றாள். விலாசத்துக்குப் போனால் அங்கே வேறு குடும்பம். அந்த வேன் ஓட்டுநர் எங்கே மாறிப் போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போதும் தெருவில் பள்ளிக்கூட வேன் நின்றால், ஒயரக்கா கிட்டே போய் ஓட்டுநரிடம் கேட்கிறாள்: "உங்க அம்மாவுக்கு எப்பவாவது பக்கவாதம் வந்துச்சாங்க?" பலரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார்கள்.