திருப்பிப் போட்ட பாதி

சூளை ஏணியிலிருந்து விழுந்து ஷாபானின் வலது மணிக்கட்டு நொறுங்கியபோது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை இஸ்னிக் ஊரில் சுவர் ஓடுகளுக்குக் கறுப்புக் கோடு இழுப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. எலும்பு என்னவோ கூடிவிட்டது. விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பட்டறைக்காரர் நஸூ உஸ்தா அவனை விறகு அடுக்கப் போட்டார்.

அடுக்கினான். வீட்டுக்கு வந்ததும் உடைந்த ஓடுகளில் இடது கையால் இழுத்துப் பழகினான். முதல் இலையைப் பார்த்து மனைவி குல்ஃபெம், "என்னங்க இது, புழுவா?" என்றாள்.

"ஆமா, நாளைக்கு எந்திரிச்சு நடக்கும், பாரு."

அந்தப் புழு இலையாவதற்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது.

வசந்தத்தில் இஸ்தான்புல்லிலிருந்து ஒரு மசூதிச் சுவருக்கான மாதிரி வந்தது. ஊசியால் துளையிட்ட காகிதம்; அதில் பாதிச் சித்திரம்தான் இருக்கும். ஓட்டில் வைத்துக் கரித்தூள் தட்டினால் ஒரு பாதி, காகிதத்தைத் திருப்பிப் போட்டுத் தட்டினால் மறுபாதி. அந்த மறுபாதி என்றாலே எழுதுகிறவர்களுக்குத் திண்டாட்டம்தான். நீண்ட இலையை ஒரே இழுப்பில் இழுத்தாக வேண்டும். வலது கைக்கோ அந்தப் பக்கம் வளையவே வளையாது. பட்டறையில் கோடு எழுதும் கிர்கோர் நாலு முறை இழுத்து, நாலு முறையும் துடைத்தான்.

விறகுக் கட்டை இறக்கி வைத்த ஷாபான் கேட்டான்: "நான் இழுக்கட்டா, உஸ்தா?"

"மசூதிச் சுவத்துக்குப் பீச்சாங்கையா? ஊரு என்னடா சொல்லும்?"

"நம்ம சோத்தாங்கை லட்சணத்தத்தான் பாத்தாச்சே, உஸ்தா," என்றான் கிர்கோர்.

ஷாபான் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்தான், இழுத்தான். காம்பிலிருந்து நுனிவரை இலை நடுங்காமல் போய்ச் சேர்ந்தது. கிர்கோர் முதல் பாதி எழுதிய ஓட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். காம்போடு காம்பு பொருந்தியது.

உஸ்தா தாடியைத் தடவினார். "சரி, நீயே எழுது. ஆனா பின்கட்டுல உக்காந்து எழுது. யாரு கண்ணுலயும் படாம."

ஷாபான் தூரிகையைக் கீழே வைத்தான்.

"நான் என்ன திருட்டு வேலையா பாக்குறேன், உஸ்தா? இந்தக் கையும் அல்லா குடுத்ததுதான். வாசல் வெளிச்சத்துலதான் உக்காருவேன். இல்லேன்னா விறகுக்கே போறேன்."

சொன்னபடியே விறகுக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். சூளைப் பக்கம் திரும்பும்போது, "நில்லுடா!" என்று குரல் வந்தது.

வாசல் வெளிச்சத்தில் தான் உட்காரும் பலகையை உஸ்தா தானே உள்ளே இழுத்துப் போட்டு இடம் ஒழித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு. இன்னும் அறுபது ஓடு கெடக்கு."