அகலமில்லாத ஓர் எழுத்து

அப்போது நான் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் விசாரணை மேசையில் இருந்தேன். நோயாளிகளின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் தமிழில் ஏற்றுவதும், தேடி வருபவர்களுக்கு வார்டு நம்பர் சொல்வதும் என் வேலை. சுலபமான வேலை என்பதால் எனக்குத் திமிர் அதிகம்.

பெயர்களை நான் டைப்கூடச் செய்வதில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் காப்பி செய்து ஒட்டிவிடுவேன். அன்று சாயங்காலம் ஒட்டியது ஒரு லாரி டிரைவரின் பெயர். அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் அடிபட்டு, நினைவில்லாமல் வந்தவர். அவருடைய செல்போன் நொறுங்கிப்போயிருந்தது. பர்ஸில் இருந்த ஆதார் அட்டையைப் பார்த்துப் பெயரை அனுப்பியிருந்தார்கள். ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன், மறந்தும் போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, எங்க ஊட்டுக்காரரு லாரி ஓட்டறாருங்க. அடிபட்டுருச்சு, சேலத்துல ஆசுபத்திரில சேத்திருக்குதுன்னு அவரு கூட வண்டி ஓட்டற ஆரோ போன் பண்ணுனாங்க. எந்த ஆசுபத்திரின்னு சொல்றதுக்குள்ள கட்டாயிருச்சுங்க, திருப்பிக் கூப்புட்டாலும் போவலீங்க."

பெயரைக் கேட்டு டைப் செய்தேன். 'பதிவு இல்லை' என்று வந்தது.

"இன்னொருக்கா பாருங்க சாமி."

பார்த்தேன். அதேதான். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, எனக்கு எரிச்சல்.

"இருந்தா வந்துருமுங்க அக்கா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க. வேற ஆஸ்பத்திரில பாருங்க."

பெயர் வந்தால் கூப்பிடுகிறேன் என்று ஒரு சீட்டை நீட்டினேன்; தனக்கு எழுத வராது என்றார். அவர் சொன்ன பெயரையும் போன் நம்பரையும் நானே அதில் எழுதிக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு, இரண்டாவது மாடி தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நர்ஸ் பேசினார். டிரைவர் இறந்துவிட்டார், பதிவை முடிக்க வேண்டும். பதினோரு மணிக்குக் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாராம். "அவ வந்துட்டாளா?" என்றும் கேட்டாராம்.

நர்ஸ் சொன்னது, காலையில் அந்த அக்கா சொன்ன அதே பெயர். தேடினேன். 'பதிவு இல்லை'. முந்தைய நாள் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனேன். இருந்தது. என் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெயரின் தொடக்கத்தில் கர்சரை வைத்து அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஓரிடத்தில் தட்டியும் கர்சர் நகரவில்லை. இன்னொரு தட்டு தட்டிய பிறகே நகர்ந்தது.

அங்கே ஏதோ இருந்தது. இரண்டு எழுத்துகள் சேர வேண்டுமா, பிரிந்து நிற்க வேண்டுமா என்று சொல்ல ஒரு குறி உண்டாம். சில செல்போன் கீபோர்டுகள் அதைத் தாமாகவே நுழைத்துவிடுமாம். அதற்கு உருவமும் இல்லை, அகலமும் இல்லை. ஆனால் மற்ற எழுத்துகளைப் போலவே அதற்கும் ஓர் எண் உண்டு. கண்ணுக்கு ஒரே பெயர், இயந்திரத்துக்கு வேறு வேறு பெயர்கள். தேடும் முன் அந்தக் குறியை நீக்கிவிட வேண்டும், எங்கள் மென்பொருள் அதைச் செய்யவில்லை. கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர் பிற்பாடு பொறுமையாக விளக்கினார். அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் என் மேசையிலேயே இன்டர்காம் இருந்தது. "லாரி டிரைவர் யாராவது இருக்காங்களா?" என்று மாடிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

சீட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பேரு வந்துருச்சுங்களா அம்மிணி?"

"வந்துருச்சுங்க அக்கா. வாங்க" என்றேன். மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, டாக்டரிடம் விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்து போகும்போது அவர் என் மேசைக்கு முன்னால் நின்றார். அழுது ஓய்ந்த முகம். பெயருக்கு நடுவே ஏதோ ஒரு குறி இருந்தது என்று நான் சொல்லத் தொடங்கினேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"காத்தால நான் வந்தப்பவும் இங்கதான் இருந்தாருங்களா?"

"ஆமாங்க. ரெண்டாவது மாடியில."

அவர் திரும்பி, என் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்த படிக்கட்டைப் பார்த்தார்.