படுத்திருந்தால்தான் லீவு

தினமும் நடக்கச் சொன்ன டாக்டரம்மா மேல் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கர்ப்பப்பை இறங்கிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்கு முன்னால் ஒரு மாதம் உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். முட்டை சாப்பிட வேண்டும், மூச்சை இழுத்து விட வேண்டும், அரை மணி நேரம் நடக்க வேண்டும். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் இருபது வருஷமாக மேடும் பள்ளமுமாக இலை பறித்து, மூட்டையைத் தலையில் வைத்து நிறுவைக்குச் சுமந்தவளிடம் போய் நடக்கச் சொல்கிறார்!

"ஏனுங்க டாக்டரம்மா, நான் நடக்காத நடையா?"

"நீங்க சுமந்திருக்கீங்க. வெறும் கையோட என்னைக்காவது நடந்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். நடந்ததில்லை.

எங்கள் எஸ்டேட்டில் வெறும் கையோடு ரோட்டில் போவது மேனேஜர் வீட்டம்மா ஒருவர்தான். அவர் கையிலும் நாய்ச் சங்கிலி இருக்கும். மற்ற பெண்கள் நடந்தால் கூடை, குடம், விறகு, இல்லாவிட்டால் பிள்ளை. முதல் நாள் சாயங்காலம் நான் கையை வீசிக்கொண்டு நடந்ததற்கு எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலெல்லாம் சிரித்தது. "துரைசாணி கிளம்பீட்டாங்க" என்றாள் ஒருத்தி. மறுநாளிலிருந்து ஒரு சுள்ளிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். போகும்போதும் அதே கட்டு, வரும்போதும் அதே கட்டு. என் மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. உடம்பைத் தேற்ற நடக்கப் போனவள், ஊர் சிரிக்கும் என்று மறுபடி சுமை தூக்கினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்ட வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் பலம் போய்விடும்.

எஸ்டேட் சட்டம் வேறு. மெடிக்கல் லீவில் இருப்பவர்களை டிஸ்பென்சரி கம்பவுண்டர் வீடு வீடாக வந்து பார்ப்பார். படுத்திருந்தால் லீவு. எழுந்து நடமாடினால் நோட்டில் 'ஃபிட்' என்று எழுதிவிடுவார், மறுநாள் கூடையோடு போய் நிற்க வேண்டும். தொடர்ந்து வராமலிருந்தால் பதிவிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள், பேர் போனால் லைன் வீடும் போய்விடும். என் வீட்டுக்காரர் குன்னூரில் வேன் ஓட்டுகிறவர். எஸ்டேட்டில் பேர் இருப்பது எனக்கு மட்டும்தான். இரண்டு அறை, மழைக்கு ஒழுகும், ஆனாலும் எங்களுக்கு வேறு கூரை கிடையாது.

அதனால் படுத்தேன். கம்பவுண்டர் வளைவில் திரும்புவதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரி நடுச்சுவரைத் தட்டுவாள். "அம்மணி, வந்துட்டாரு, போத்திக்கோ!" எந்நேரம் வருவாரோ என்ற பயத்தில் நான் கட்டிலை விட்டு இறங்குவதே அபூர்வமாகிவிட்டது.

ஆறாவது வாரம், வாசலிலிருந்து நாலு படி இறங்கிக் கக்கூஸுக்குப் போனவள், திரும்பி ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். தொடை கிடுகிடுவென்று ஆடியது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டைக் காப்பாற்றப் படுத்துப் படுத்து, லீவு முடிகிற அன்று மேடேற முடியாமல் போனால் அப்போது மட்டும் வீடு நிலைக்குமா?

மறுநாள் சுவர் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து வெளியே வந்து கம்பவுண்டருக்கு எதிரிலேயே நடந்தேன்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கே? லீவு எதுக்கு?"

"நல்லாகறதுக்குத்தானுங்க லீவு!" லைன் முழுக்கக் கேட்டிருக்கும். "படுத்துக் கெடந்து செத்தா ஒத்துக்குவீங்க, நடந்து பொழைச்சா ஒத்துக்க மாட்டீங்களா?"

"வாய்க்கு ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லி 'ஃபிட்' எழுதிவிட்டுப் போனார். சாயங்காலம் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏம்புள்ள, வாயை அடக்கிட்டுப் படுத்திருக்கக் கூடாதா?" அவர்மீதும் எரிந்து விழுந்தேன்.

காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டர் கொட்டகைக்கு எங்கள் லைனிலிருந்து நல்ல ஏற்றம். நாலு இடத்தில் நின்று நின்று ஏறினேன். என் பேர் வந்ததும் "வந்திருக்கேனுங்க" என்றேன். கூடையை எடுக்கவில்லை, டாக்டர் சீட்டை நீட்டினேன்.

"பாரம் தூக்காம இங்க என்ன வேலை? ஊட்டுக்குப் போ" என்றார் மேஸ்திரி.

போனேன். மறுநாளும் வந்தேன், அதற்கு மறுநாளும் வந்தேன். வராதவள் பேரைத்தான் அடிக்க முடியும். தினமும் வந்து நிற்கிறவள் பேரை எப்படி அடிப்பார்கள்? கூலி கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. பனியில் மூச்சு வாங்க ஏறி, திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். அவர்களை மனதுக்குள் வைதுகொண்டே ஏறியதில் நாலு நிறுத்தம் இரண்டானது, இரண்டு ஒன்றானது. ஒரு நாள் எங்கும் நிற்காமலே மேலே போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா சொன்ன நடையை, என்னைத் துரத்தியவர்களே தினமும் நடக்க வைத்துவிட்டார்கள். அதற்காக நன்றி சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று கூடையை எடுத்தேன். வீடு தப்பியது. கோபம் அதோடு தீரவில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், சுவர் தட்டிய பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். தனக்கும் அதே கோளாறுதான், மூன்று வருஷமாக, புருஷனிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். அடிவயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அத்தனை நாளும் மூட்டை சுமந்திருக்கிறாள்.

"அடுத்த மாசம் ஆபரேசனுக்குப் போலாம்னு இருக்கேன், அம்மணி. அதுக்கு முன்ன நடக்கோணுமாமே?"

யாரும் சிரிக்கக் கூடாதென்று இடுப்பில் ஒரு காலிக் குடத்தை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பிடுங்கி என் வாசலில் வைத்தேன். இரண்டு பேரும் வெறும் கையை வீசிக்கொண்டு, டிஸ்பென்சரி வாசல் வழியாகவே நடந்தோம்.