புடவை முதலில், ரவிக்கைத் துணி பின்னால்

மேட்சிங் கடையில் புடவைக்கேற்ற ரவிக்கைத் துணியை நிறம் பார்த்துக் கொடுப்பது கல்யாணப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கஷ்டமான தொழில். அங்கே பத்துக்கு ஏழு பொருந்தினால் போதும், இங்கே பத்தும் பொருந்த வேண்டும். என்னைப் போலக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய ஜவுளிக்கடைக்காரர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளையின் பொதுச்சேவை

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொண்ணூறுகளின் கடைசியில் தி. நகரில் ஒரு மேட்சிங் கடையில் இருந்தேன். முதலாளியின் மாப்பிள்ளை ரகுவுக்கு அடையாறில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் அவர் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு நிறங்களைக் கொடுத்தால், வித்தியாசம் எவ்வளவு என்று அது ஒரு எண் சொல்லும். எண் சின்னதாக இருந்தால் பொருத்தம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

சோதித்துப் பார்க்க ஒரு கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் கொண்டுவந்து, நான் நிற்கும் இடத்திலேயே வைத்தார். வேறு இடமே கிடைக்கவில்லை அவருக்கு! இது சரியாக வந்துவிட்டால் எனக்குப் பாலவாக்கம் குடோன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சைதாப்பேட்டையிலிருந்து பஸ் மாறிப் போய், நாள் முழுக்க மூட்டைகளோடு பேச வேண்டும். என் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி ஆறுதல் சொன்னார்: "நீயாவது சம்பளத்துக்கு வேலை செய்யுற, மாணிக்கம். காசே வாங்காம வேலை செய்யுறவருக்கு நான் பொண்ணையே குடுத்துட்டேன்."

எத்தனை இருந்தால் வித்தியாசம்?

"எந்த எண்ணுக்கு மேல போனா பொருந்தலைன்னு வெக்கலாம்?" என்று ரகு என்னைக் கேட்டார். குடோனுக்கு அனுப்பப் போகிறவர் என்னிடமே வழி கேட்கிறார்.

"வாங்கறது யாருன்னு பாத்துதான் சார் வெக்கணும். பொண்ணுக்கு அம்மா வாங்கினா ரொம்பக் கம்மியா வையுங்க. மருமகளுக்கு மாமியார் வாங்கினா தாராளமா வையுங்க."

அவர் கொஞ்சம் தட்டினார், பிறகு அழித்தார். "இதை விளக்கக் குறிப்புல எழுதினா, வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் மாமியார்னா எத்தனை பாயிண்ட்னு கேப்பான், மாணிக்கம்!"

மயிலாப்பூர் மாமி

அரக்கு நிறப் புடவையோடு ஒரு மாமி வந்தார். ரகு முதலில் புடவையையும் அடுத்து ரவிக்கைத் துணியையும் ஸ்கேனரில் வைத்தார். பொருத்தம். "மாத்தி வெச்சுக் காட்டு" என்றார் மாமி. மாற்றி வைத்ததும் எண் ஏறிவிட்டது. பொருந்தவில்லை!

அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் பாவம். முதலில் வைப்பதுதான் அளவுகோல், அதை வைத்துத்தான் இரண்டாவதை அளக்கும், அதனால்தான் மாறுகிறது என்றார் ரகு. குறிப்பில் அதை எழுத விட்டுப்போயிற்றாம். மாமி புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ரவிக்கை புடவையோட ஒத்துப்போறது, புடவை ரவிக்கையோட ஒத்துப்போகலையா? எங்காத்து மாட்டுப்பொண் கதையான்னா இருக்கு!"

தீர்ப்பு

ரகு சும்மா இருக்கவில்லை. எப்படி வைத்தாலும் ஒரே எண் வரும்படி திருத்தினார், குறிப்பையும் ஒழுங்காக எழுதினார். கம்ப்யூட்டர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. நான் பின்கட்டில் குடோனுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெண்மணி, வாங்கிப்போன துணி புடவைக்குப் பொருந்தவில்லை என்று இரண்டோடும் திரும்பி வந்தார். ரகு மறுபடி வைத்துக் காட்டினார், பொருத்தம்தான். அந்த அம்மாள் திரையை ஒருமுறை பார்த்தார், பிறகு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் துணியை வாசல் வெயிலில் பிடித்ததுதான் தாமதம், "இன்னாய்யா, கண்ணத் தொறந்துகினுதான் குடுத்தியா? இது அரக்கா, கேவுரு கூழா?" என்று அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். அதை விற்றவன் நான் இல்லை. திட்டி முடித்து, முகம் தெளிந்து, அதே துணியோடு இன்னும் இரண்டு ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெஷின் சரியாத்தான் சொல்லுது. ஆனா அதை யாரும் திட்ட முடியலியேப்பா. நீ கவுன்ட்டருக்கு வந்துடு."

ஆக, நிறம் பார்க்கத் தெரிந்ததால் அல்ல, நின்று திட்டு வாங்கத் தெரிந்ததால் என் வேலை தப்பியது. அதற்காக மாப்பிள்ளையை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.